அம்புவின் கழுத்துப்பட்டை

ஜனவரி 18, வியாழன்

அம்பு செத்து இன்றோடு பதினோரு நாள். நாய்க்கெல்லாம் நாள் கணக்கா என்று கேட்பவர்கள் இந்த டைரியைப் படிக்கப் போவதில்லை என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். காலை நடையில் கழுத்துப்பட்டை கழன்றது. அம்பு நாலுவழிச் சாலைக்குள் ஓடியது. லாரி வந்தது. ஓட்டநாய்களுக்குத் தலை சிறியது, கழுத்து நீளம். உதாரணமாக, வெண்டைக்காயில் மோதிரத்தை மாட்டினால் எவ்வளவு நேரம் நிற்கும்? அப்படித்தான். விஷயம் முடிந்தது. இதற்குமேல் எழுத எதுவுமில்லை.

பட்டையை மாட்டியது என் மனைவி புஷ்பம். எனக்கு இடுப்பு வளையாது. அதனால் மூன்று வருடமாகத் தினமும் அவள்தான் குனிந்து மாட்டிவிடுவாள்; நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கௌரவமாகப் புறப்படுவேன். மூன்றாவது துளையில் மாட்ட வேண்டியதை அன்றைக்கு இரண்டாவது துளையில் மாட்டிவிட்டோமோ என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள். நான் அப்படிச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

ஜனவரி 19, வெள்ளி

புஷ்பம் இரவு சாப்பாடு முடிந்ததும் கேஸ் அடுப்பை மூடினாள். ஹாலுக்கு வந்தாள். திரும்பிப் போய்ப் பார்த்தாள். மறுபடி வந்து, "ஏங்க, நீங்க ஒருதரம் பாத்துட்டு வாங்களேன்" என்றாள்.

பார்த்தேன். மூடித்தான் இருந்தது.

"நல்லாத் திருகிப் பாத்தீங்களா? என் கை சரியில்லைங்க. எதைச் செஞ்சாலும் நிக்க மாட்டேங்குது."

முப்பத்தெட்டு வருடமாக இந்த வீட்டில் நின்றதெல்லாம் அவள் கையால் நின்றதுதான். இதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். கொட்டாவி வந்தது.

ஜனவரி 22, திங்கள்

மாசிலாமணி துக்கம் கேட்க வந்தார். ஓய்வுபெற்ற சார்பதிவாளர், தினமும் என்னோடு நடப்பவர். சம்பவம் நடந்தபோது பத்தடி தள்ளி நின்றவர். பதினைந்து நாள் கழித்து வந்ததற்குக் காரணம் மூட்டுவலி என்றார். வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே நான்கு மனைகள்.

புஷ்பம் காபியும் அதிரசமும் வைத்தாள். "அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்க. பட்டை எப்படிக் கழண்டுச்சு? லூசாத்தானே இருந்துச்சு?"

மாசிலாமணி மின்விசிறியைப் பார்த்தார். ஆயிரக்கணக்கான பொய்ப் பத்திரங்களைக் கண் இமைக்காமல் பார்த்த மனிதர், ஓடாத மின்விசிறியை அவ்வளவு கவனமாகப் பார்த்தார்.

"எல்லாம் ஒரு நிமிசந்தான்மா. யாரு என்ன செய்ய முடியும்? நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

"வச்சுக்காம எப்படி? மாட்டினது நான்."

அவர் மூன்றாவது அதிரசத்தை எடுத்துக்கொண்டார். வாசல் வரை போய் வழியனுப்பினேன். "ஓய், இது உமக்கே நல்லாருக்கா?" என்றார். எதைச் சொல்கிறார் என்று தெரியவில்லை. அதிரசம் கொஞ்சம் கெட்டியாகத்தான் இருந்தது.

ஜனவரி 25, வியாழன்

தீர்மானித்துவிட்டேன். புஷ்பத்துக்கு மருந்து இன்னொரு நாய். அம்புவைப் போலவே கலப்பு ஓட்டநாய்; சிப்பிப்பாறை பாதி, கிரேஹவுண்டு மீதி. புதுக்குட்டி வந்து காலைச் சுற்றினால் பழையது மறந்துபோகும். முந்தைய பாடம் புரியாத பையனுக்கு அடுத்த பாடத்தை ஆரம்பித்துவிடுவது போல. பள்ளியில் இந்த முறையை நிறையப் பயன்படுத்தியிருக்கிறேன். தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

காலையில் பஸ் ஏறி மூன்று ஊர்களில் நாய் வளர்ப்பவர்களைப் பார்த்துவிட்டு வந்தேன். கலப்பு நாய் கேட்பது இவ்வளவு பெரிய குற்றம் என்று தெரியாமல் போயிற்று.

முதல் ஆள், "நம்மகிட்ட எல்லாமே அசல் சார். ஏழு தலைமுறை சொல்லுதேன், கேளுங்க" என்று ஆரம்பித்தார். எனக்கு என் தாத்தாவுக்கு மேல் தெரியாது. இரண்டாமவர் வீட்டில் குட்டிகளில் இரண்டு சடைமுடியோடு இருந்தன. பனிக்காலத்து ரோமம், வெயில் வந்தால் கொட்டிவிடும் என்றார். மூன்றாமவர், "கலப்பா? யாரப் பாத்துக் கேக்கீக?" என்று எழுந்தே விட்டார். நான் அவர் குடும்பத்தைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டது போல அவர் வீட்டம்மாவும் வெளியே வந்து நின்றார்.

பஸ் நிறுத்தத்தில் டீக்கடைக்காரர்தான் வழி சொன்னார். "ஓடைக்கரைப்பட்டிக்குப் போங்க. கொம்பையான்னு ஒருத்தன். அவன்தான் கலப்பைக் கலப்புன்னு சொல்லுவான். ஆனா லேசுல குட்டி தரமாட்டான்."

கொம்பையா. எங்கேயோ கேட்ட பெயர்.

ஜனவரி 28, ஞாயிறு

கேட்ட பெயர் இல்லை. நான் கூப்பிட்ட பெயர்.

மக்காச்சோளத் தட்டை அறுத்த காட்டின் நடுவே கம்பிவேலி போட்ட கொட்டகை. பதினைந்து, பதினாறு நாய்கள். எல்லாமே விலா எலும்பை எண்ணிவிடலாம் போல, ஆனால் பளபளவென்று. உள்ளிருந்து நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் வந்தான். என்னைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான்.

"வாங்க சார். செல்லத்துரை சார்தானே? நான் பத்தாப்பு பி செக்சன், கொம்பையா."

"நல்லாருக்கியாப்பா?"

"நீங்க சொன்ன மாதிரியே ஆயிட்டேன் சார். புத்தகப்பையில நாய்க்குட்டி கொண்டாந்தேன்ல? 'நீ நாய் மேய்க்கத்தான்டா லாயக்கு'ன்னு அத்தனை பேரு முன்னாடியும் சொன்னீங்க. என் கூடப் படிச்சவனுக்கு எவனுக்குமே நீங்க சொன்னது பலிக்கல. எனக்கு மட்டுந்தான் அப்படியே பலிச்சிருக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான் ஒரு நாயின் காதைத் தடவினேன். அது விலகிப் போயிற்று.

பிறகு நாற்காலி போட்டு, இளநீர் வெட்டித் தந்து, ஒரு கறுப்புக் குட்டியைக் காட்டினான். பெண். எழுபது நாள். "தாய் சிப்பிப்பாறை. தகப்பன் பாதி கிரேஹவுண்டு. மீதிப் பாதி யாருன்னு கேட்டா அதோட பாட்டிக்குத்தான் தெரியும். ஆனா ஓட்டம் இருக்கு சார்."

அசல் என்ற சொல்லை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. இந்த வாரம் நான் கேட்ட முதல் உண்மை. எனக்கு அவன்மேல் மரியாதை வந்தது; ஆனால் இளநீரைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். இனிப்பு போதவில்லை.

அவன் குட்டியை விற்பதில்லை. கொடுப்பான். ஆனால் அவன் அப்பா காலத்திலிருந்து ஒரு வழக்கம். குட்டி போகும் வீட்டுக்கு வந்து பார்ப்பான். முன்பு நாய் வைத்திருந்தவர் என்றால் அந்த நாயின் கழுத்துப்பட்டையை வாங்கிக்கொண்டு போவான். தாயை விட்டுப் பிரிவதற்கு முந்தின நாள் குட்டி அந்தப் பட்டையின் மேல் படுத்திருக்க வேண்டும். புது வீட்டு வாசம் முன்கூட்டியே பழகுமாம்.

"பட்டை இருக்குல்ல சார்?"

"இருக்கு. எதுக்குப்பா அதெல்லாம்? புதுசே வாங்கிடறேன்."

"பழசுதான் சார் வேணும்" என்றான்.

பிப்ரவரி 2, வெள்ளி

புஷ்பத்திடம் சொன்னேன். "எனக்கு வேணாம். என் கையால இன்னொண்ணு போக வேணாம்" என்றாள். பிறகு, குட்டி என்ன நிறம் என்று கேட்டாள். பிறகு, வேண்டாம் என்றாள். பிறகு, அது பால் குடிக்குமா, கஞ்சி குடிக்குமா என்று கேட்டாள்.

கேஸ் நான்கு முறை.

பிப்ரவரி 4, ஞாயிறு

கொம்பையா வந்தான். முப்பத்துமூன்று வருடம் நான் மற்றவர்களுக்குப் பரீட்சை வைத்தேன். இன்று எனக்கு. சுற்றுச்சுவரைக் கையால் அளந்தான். கேட்டின் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தான். மாடியில் நின்று சாலை எவ்வளவு தூரம் என்று பார்த்தான். எதற்கும் மதிப்பெண் சொல்லவில்லை. பரீட்சை எழுதுபவனுக்கு இது எவ்வளவு எரிச்சல் என்று இப்போதுதான் புரிகிறது.

புஷ்பம் பீரோவிலிருந்து பட்டையை எடுத்துவந்தாள். அவளுடைய நல்ல கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தாள். எனக்கு அது தெரியாது.

கொம்பையா வாங்கி, விரலால் துளைகளைத் தடவினான். கயிற்றுக் கொக்கி மாட்டும் இரும்பு வளையத்தில் அவன் விரல் நின்றது.

"அக்கா, இது அன்னைக்குக் கழுத்துல கிடந்ததுதானா?"

"ஆமா தம்பி. கழண்டு, கயித்தோட இவுக கையிலயே நின்னுருச்சாம். நான்தான் துளை மாத்தி மாட்டிட்டேன்."

கொம்பையா என்னைப் பார்த்தான். "சார்?"

"ம்" என்றேன்.

"வளையம் நசுங்கியிருக்கே."

"கேட்டுல இடிச்சிருக்கும்" என்று புஷ்பமே எனக்காகப் பதில் சொன்னாள். மாணவர்களிலும் இப்படி நல்ல உள்ளங்கள் உண்டு. பக்கத்தில் இருப்பவன் முழிக்கும்போது விடையை எடுத்துக் கொடுப்பார்கள்.

அவன் பட்டையை அவளிடமே திருப்பித் தந்தான். வண்டி வரைக்கும் நான் கூடப் போனேன்.

"சார், கையில நின்ன பட்டையில வளையம் இப்படி நசுங்காது. ஏதோ ஏறி இறங்கியிருக்கு."

நான் அவன் வண்டியின் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தேன்.

"நாய் எல்லா வீட்லயும் தவறும் சார். எங்கிட்டயும் தவறியிருக்கு. அதுக்காக நான் குட்டி குடுக்காம இருந்ததில்ல. ஆனா உள்ள அந்த அக்கா மூஞ்சியப் பாத்தேன். இந்த மூஞ்சியோட வளர்த்தா, குட்டியக் கைக்குள்ளயே பொத்திப் பொத்தி வச்சிருப்பாக. அது ஓடாது. ஓடாத குட்டிக்கு எதுக்கு சார் என் கொட்டகை? வீட்ல பேசிட்டு வாங்க."

கேட்டில் இடித்திருக்கலாம். புஷ்பம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 5, திங்கள்

ரேஷன் கடை. சர்க்கரை உண்டு, பருப்பு இல்லை. குழாய்க்கு வாஷர் மாற்றினேன். முட்டை வேகவைக்க ஸ்டாப்வாட்ச் எங்கே என்று புஷ்பம் கேட்டாள். பேட்டரி தீர்ந்துவிட்டது என்றேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

மாசிலாமணியோடு நடந்தேன். இருவரும் நாலுவழிச் சாலைப் பக்கம் போகவில்லை. நாட்டு நடப்பு பேசினோம். நாடு இவ்வளவு ஒழுங்காக அலசப்பட்ட நாள் வேறு இருக்காது.

பிப்ரவரி 7, புதன்

விடை மட்டும் எழுதினால் மதிப்பெண் இல்லை, வழிமுறையை எழுது என்று பிள்ளைகளைப் படுத்தியிருக்கிறேன். எழுதிப் பார்க்கிறேன்.

கொடுக்கப்பட்டவை: சர்வீஸ் ரோட்டில் இரண்டு சிறு மைல்கற்கள். இடைப்பட்ட தூரம் இருநூறு மீட்டர். ஒரு நாய். ஒரு ஸ்டாப்வாட்ச். "உம்ம நாய் முப்பது கிலோமீட்டர் வேகத்துல ஓடினாலே அதிகம்வே" என்று சொன்ன ஒரு சார்பதிவாளர். அறுபத்தாறு வயதிலும் ஒரு விவாதத்தில் தோற்க முடியாத ஓர் அறிவியல் ஆசிரியர்.

வழிமுறை: மாசிலாமணி அந்தக் கல்லில் நின்றார். நான் இந்தக் கல்லில். பட்டையிலிருந்து கொக்கியைக் கழற்றினேன். இடுப்பு வளையாது என்று எழுதியிருக்கிறேன். அன்றைக்கு வளைந்தது.

விடை: பதினான்கு நொடி. அதாவது மணிக்கு ஐம்பத்தொரு கிலோமீட்டர். "பாத்தீரா ஓய்!" என்று கத்திக்கொண்டே மாசிலாமணியை நோக்கி விரைந்தேன். அவர் தோற்ற முகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதில் மும்முரமாக இருந்தேன். அதனால் அம்பு கல்லோடு நிற்கவில்லை என்பதைக் கவனிக்கவில்லை. காற்றில் ஒரு வெள்ளை கேரிபேக் சாலையைக் கடந்து பறந்திருக்கிறது. ஓட்டநாய் மூக்கை நம்பாது, கண்ணை நம்பும். அசைவதைக் கண்டால் அதற்குக் காது அடைத்துவிடும். இதை இந்தக் காலனியில் எல்லாருக்கும் உதாரணத்தோடு விளக்கியவன் நான்.

பட்டை கடைசிவரை அம்புவின் கழுத்தில்தான் இருந்தது. மூன்றாவது துளையில். பிறகு நான்தான் கழற்றினேன். குழாயடியில் கழுவினேன். 'கழன்றுவிட்டது' என்று சொன்னேன். 'கழற்றிவிட்டேன்' என்று சொல்ல அந்த நேரத்தில் வாய் வரவில்லை. அடுத்த நேரத்திலும் வரவில்லை.

பிப்ரவரி 8, வியாழன்

இரவு. கேஸ். "ஏங்க, ஒருதரம் பாருங்களேன்."

"பாக்க வேண்டாம். நீ சரியாத்தான் மூடியிருக்கே."

"இல்ல, என் கை…"

"உன் கைக்கு ஒண்ணுமில்ல, புஷ்பம். அன்னைக்கும் நீ சரியாத்தான் மாட்டியிருந்தே. நான்தான் கொக்கியைக் கழட்டி விட்டேன். எவ்வளவு வேகமா ஓடும்னு மாசிலாமணிக்குக் காட்டுறதுக்கு."

அவள் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணி அதே இடத்தில் நின்றது.

"ஓடுச்சா?" என்றாள்.

"பதினாலு செகண்டு."

"நல்லா ஓடுச்சா?"

"நல்லா ஓடுச்சு."

தலையை ஆட்டினாள். துணியைப் பிழிந்து காயப்போட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"முப்பத்திரண்டு நாளா தினமும் இந்த அடுப்பைத் திருகிப் பாத்துட்டு, 'மூடித்தான் இருக்கு'ன்னு எங்கிட்ட வந்து சொன்னீங்க. ஒவ்வொரு நாளும். எப்படிங்க முடிஞ்சுது?"

எனக்கு உதாரணம் எதுவும் தோன்றவில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

பேசவில்லை. இட்லி.

பிப்ரவரி 10, சனி

பேசவில்லை. உப்புமா. உப்புமாவே ஒரு வகைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 12, திங்கள்

முப்பத்துமூன்று வருடம் வகுப்பில் 'பேசாதே, பேசாதே' என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். உண்மையிலேயே யாராவது பேசாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்ததில்லை. உதாரணமாக, மின்சாரம் போன வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் சத்தம் நின்றபிறகுதான் அது இதுவரை ஓடிக்கொண்டிருந்தது என்று தெரியும்.

இரவு புஷ்பம் கேஸை ஒரே முறை மூடிவிட்டுப் போய்ப் படுத்தாள். பத்து நிமிடத்தில் குறட்டை. நான் எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். இப்போது அந்த வேலை எனக்கு.

பிப்ரவரி 15, வியாழன்

காலை எட்டு மணிக்குப் புஷ்பம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று கேட்டேன். "சோறு வடிச்சிருக்கு" என்றாள். ஒரு வாரத்துக்குப் பிறகு கிடைத்த முழு வாக்கியம்.

மாலையில் கொம்பையாவின் வண்டி வந்து நின்றது. பின்னால் புஷ்பம். மடியில் கறுப்புக் குட்டி. பட்டையை என்னிடம் சொல்லாமல் முந்தாநாளே ஓடைக்கரைப்பட்டி மினிபஸ் நடத்துநரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். ஓர் இரவு முழுக்கக் குட்டி அதன்மேல் படுத்துத் தூங்கியிருக்கிறது.

"சார், குட்டியை அக்கா பேருக்குத்தான் குடுத்திருக்கேன்" என்றான் கொம்பையா. "ஒரு நிபந்தனை. ஒரு வருசத்துக்கு நீங்க கயித்தைப் பிடிக்கக்கூடாது."

"ஒரு வருஷமா?"

"பெயிலானா ஒரு வருசந்தானே சார்?"

புஷ்பம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இருமல் என்று நான் நம்பத் தயாராக இருந்தேன்.

குட்டிக்கு 'வேகா' என்று ஒரு நட்சத்திரத்தின் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். "பேரு வச்சாச்சு. எள்ளு" என்றாள். கறுப்பாக, சிறியதாக, எங்கே போட்டாலும் உருண்டு ஓடுவதாக இருப்பதால் பெயர் பொருத்தம்தான் என்று ஒப்புக்கொண்டேன். என் ஒப்புதலை யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 21, புதன்

எள்ளு என் செருப்பில் ஒன்று, நீதிநெறி வகுப்புக்காக நான் எழுதி வைத்திருந்த குறிப்பேடு ஒன்று, மாசிலாமணியின் வேட்டி நுனி ஆகியவற்றைக் கடித்துவிட்டது. மூன்றில் எதற்கும் புஷ்பம் அதைத் திட்டவில்லை. மாசிலாமணிக்கு இந்த முறை அதிரசமும் வைக்கவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

எள்ளுவுக்கு முதல் நெடுநடை. காலனியின் உட்சாலைகளில் மட்டும். புஷ்பம் குனிந்து பட்டையை மாட்டினாள். இரண்டாம் முறை பார்க்கவில்லை. அவள் முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் தண்ணீர் பாட்டிலும், நாய் போவதை அள்ள ஒரு பையும் ஒரு சிறு மண்வெட்டியுமாக. நல்லாசிரியர் விருது வாங்கியபோதுகூட இந்தத் தெருவில் என்னை இத்தனை பேர் நின்று பார்த்ததில்லை.

புதுநாயைப் பார்த்தால் எல்லாரும் பழைய நாயைக் கேட்பார்கள். முதலில் அயர்ன் கடைக்காரர். "பழசு என்னாச்சும்மா?" புஷ்பம் நின்று, திரும்பி, என்னைப் பார்த்தாள்.

"நான் ரோட்டுப் பக்கம் அவுத்து விட்டுட்டேன். லாரியில அடிபட்டுருச்சு" என்றேன்.

அடுத்து தபால்காரரின் மனைவி. புஷ்பம் திரும்பிப் பார்த்தாள். சொன்னேன். பிறகு பால் சொசைட்டியில் ஒருவர், என் பழைய தலைமையாசிரியர் ஒருவர். தலைமையாசிரியர், "சும்மா சொல்லாதீங்க, நீங்களாவது அப்படிச் செய்யறதாவது" என்றார். அவருக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் புஷ்பம் முடியும்வரை காத்திருந்து, பிறகு நடந்தாள். வாய் உலர்ந்துவிட்டது. பாட்டிலில் இருந்தது எள்ளுவுக்கான தண்ணீர்.

கோயில் திருப்பத்தில் ஐந்தாவது ஆள். கார்த்திகையில் புதிதாகக் குடிவந்த பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு. "உங்ககிட்ட ஏற்கெனவே ஒரு பழுப்பு நாய் இருந்துச்சுல்ல? பெரிசா, ஒல்லியா? அது எங்கக்கா?"

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஓரடி முன்னால் வந்தேன்.

புஷ்பம் என் பக்கம் திரும்பவில்லை. "ரோட்ல அடிபட்டுருச்சும்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு நடந்தாள். நான் மண்வெட்டியோடு பின்னால் போனேன்.